அரை அடி எங்கே போனது? உயரமான சரிவுக் கூரையில் ஜிப்சம் போர்டு வெட்டிய ஒரு வேலையின் ஆய்வு

தரையில் வெட்டித் தயாராக வைத்திருந்த போர்டுத் துண்டின் நீளம் 1000 மி.மீ. மேலே கூரையில் அதே துண்டுக்காகக் குறித்திருந்த இடத்தின் நீளம் 1155 மி.மீ. இரண்டையும் குறித்தது ஒரே ஆள், ஒரே காலை, ஒரே லேசர் கருவி. ஏணியின் உச்சியில் நின்றிருந்த பையன் டேப்பை இரண்டாவது முறையும் நீட்டிப் பார்த்துவிட்டுக் கீழே குரல் கொடுத்தான்: "அண்ணே, துண்டு அரை அடி பத்தலை."

கீழே நின்ற மூத்தவர் நம்பவில்லை. "சரியா பிடிச்சு அளடா" என்றார். அவன் சரியாகத்தான் அளந்திருந்தான். அந்த அரை அடியைத் தேடிப் போனதில்தான், அன்று காலையிலிருந்து நாங்கள் செய்த மற்றத் தவறுகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வேலைக்குப் பொறுப்பு நான். ஆகவே கீழே வரும் தவறுகளில் பெரும்பகுதி என்னுடையது.

வேலை இதுதான்

மழைநீர் ஒழுகிக் கறை படிந்த கூரைப் போர்டை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் புதுத் துண்டு பொருத்துவது. அறையின் கூரை இரு பக்கமும் சரிந்து நடுவில் முகடாகக் கூடுவது. பக்கச் சுவரின் உயரம் 2.7 மீட்டர், முகட்டின் அடியில் 5.1 மீட்டர். சாய்வு 30 டிகிரி. முகட்டிலிருந்து இறவாணத்தை (கூரையின் தாழ்ந்த ஓரத்தை) நோக்கிக் கைமரங்கள், அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரங்கள், இறங்குகின்றன, மையத்துக்கு மையம் 400 மி.மீ. இடைவெளியில். அவற்றின் அடியில் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டை ஸ்குரூ அடித்து, இணைப்புகளை டேப் ஒட்டிப் பூசி, வெள்ளையடித்திருந்தார்கள். கைமரங்களுக்கு நடுவே வெப்பத்தடைக்காகக் கண்ணாடி நார்ப் பஞ்சு. பஞ்சுக்கும் போர்டுக்கும் இடையில் ஒரு பாலித்தீன் தாள். சரிவின் மேற்பாதியில் ஒரு கூரைச் சன்னல்.

கறை அந்தச் சன்னலுக்கு நேர் கீழே இல்லை. அதிலிருந்து சரிவில் 1.4 மீட்டர் இறங்கி, பழுப்பு வளையமாக விரிந்திருந்தது. சமதளக் கூரையில் கறைக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே ஒழுக்கைத் தேடலாம். சரிவில் அப்படி இல்லை. நீர் கைமரத்தின் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டோ பாலித்தீன் தாளின் மேலாக வழுக்கிக்கொண்டோ இறங்கி, தாளில் எங்கே ஒரு கிழிசலோ ஸ்குரூத் துளையோ அகப்படுகிறதோ அங்கேதான் போர்டுக்குள் வரும். கறை என்பது நீர் வெளியேறிய வாசல். அது உள்ளே நுழைந்த வாசல் எப்போதும் அதற்கு மேலேதான்.

கூரை வேலைக்காரர்கள் வெளியிலிருந்து குழாய் நீர் பாய்ச்சிச் சோதித்தார்கள். இதைக் கீழிருந்து மேலாகத்தான் செய்ய வேண்டும். முதலில் சன்னலுக்குக் கீழே, பிறகு அதன் பக்கங்களில், கடைசியாக மேல்விளிம்பில். எடுத்த எடுப்பில் உச்சியில் நீரை ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. மேல்விளிம்புத் தகட்டின் மடிப்பு பிரிந்திருந்தது தெரிந்தது. அதைச் சரிசெய்து, மறுபடி நீர் விட்டு, உள்ளே சொட்டு வரவில்லை என்று உறுதியான பிறகுதான் போர்டைத் தொடுவது என்று முடிவு செய்தோம். அன்றைய தினம் நாங்கள் எடுத்த சரியான முடிவு என்று இதை மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

நனைந்து ஊறிய போர்டைக் காய வைத்து மேலே பெயின்ட் அடிக்க முடியாதா என்று வீட்டுக்காரர் கேட்டார். லேசாக நனைந்து, கெட்டியாகவே இருக்கும் போர்டுக்கு அது போதும். இங்கே விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. காகிதம் ஓரத்தில் உரிந்து, கரும்பூஞ்சை புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. ஜிப்சத்தின் வலுவில் பெரும்பங்கு அதன் இருபுறக் காகிதம் தருவது. காகிதம் போனால் போர்டும் போனது.

முதல் நாள்: ஏணியும் லேசரும்

குறிப்பதற்கு, நேர்க்கோடாக ஒளி வீசும் லேசரைத் தரையில் வைத்தோம். கறை தரைத்தளத்தில் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று செங்குத்துக் கோட்டை ஓட்டிப் பார்த்து, ஓரங்களையும் சேர்த்து நீளம் 1000, அகலம் 800 என்று முடிவு செய்தோம். அகலம் 800 வைத்ததற்குக் காரணம் உண்டு: இரண்டு கைமர இடைவெளி சரியாக 800. வெட்டின் இரு பக்க ஓரமும் கைமரத்தின் நடுமையத்தில் விழுந்தால், பழைய போர்டுக்கும் புதிய துண்டுக்கும் ஸ்குரூ அடிக்க ஆளுக்குப் பாதி மரம் கிடைக்கும்.

தரையில் 1000 மி.மீ. தள்ளித் தள்ளி வைத்த இரண்டு லேசர் கோடுகள் கூரையில் விழுந்த இடத்தில் பையன் ஏறிப் பென்சிலால் குறித்தான். அதே நேரம் மூத்தவர் கீழே 1000-க்கு 800 என்று துண்டை வெட்டிவிட்டார். நேரம் மிச்சம் என்று நானும் தலையாட்டினேன்.

செங்குத்தாக ஏறும் ஒளி சரிவில் படும்போது அளவு நீள்கிறது. தரையில் 1000 இருப்பது 30 டிகிரிச் சரிவில் 1155 ஆகும். 1000-ஐ 30 டிகிரியின் கோசைனான 0.866-ஆல் வகுத்தால் வருவது. 45 டிகிரியானால் அதே 1000 ஏறத்தாழ 1414 ஆகிவிடும். முகட்டுக்கு இணையான திசையில் எந்த மாற்றமும் இல்லை, அது தரையிலும் 800, மேலேயும் 800. இந்தப் பாதி உண்மைதான் ஆளை ஏமாற்றுகிறது. ஒரு பக்க அளவு சரியாக ஒத்துவந்தால் மறுபக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

கணக்கு போடப் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி. சரிவின் தாழ்ந்த பக்கத்தில், ஸ்டூல் மீது நின்றாலே எட்டும் இடத்தில், ஒரு மீட்டர் ரசமட்டத்தின் ஒரு முனையைக் கூரையில் முட்டி, குமிழி நடுவில் நிற்கும்படி மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து நேர் மேலே கூரை வரை அளந்தால் எங்களுக்கு 577 மி.மீ. வந்தது. ரசமட்டத்தின் அந்த இரு முனைகளுக்கு நேரே சரிவின் மேல் டேப்பை ஓட்டினால் 1155. கையால் தொட்டுப் பார்த்த அளவு மறக்காது.

இரண்டாவது கோணல் இன்னும் நுட்பமானது. லேசரின் இரு செங்குத்துக் கோடுகளும் தரையில் ஒன்றுக்கொன்று 90 டிகிரி. கூரையிலும் அப்படியே 90 டிகிரியாக விழ வேண்டுமானால், ஒரு கோடு முகட்டுக்குச் சரியாக இணையாக இருக்க வேண்டும். நாங்கள் கருவியைக் கண்ணால் பார்த்து, அறையின் நடுவில், ஏதோ நேராகத் தெரிந்த வாக்கில் வைத்திருந்தோம். அது 5 டிகிரி திரும்பியிருந்தது. தரையில் அந்த 5 டிகிரி இரண்டு கோட்டுக்கும் சமம். சரிவில் போய் விழும்போது ஏறிச்செல்லும் கோடு கைமரத்திலிருந்து 4 டிகிரிக்குச் சற்று மேல் விலகுகிறது. குறுக்குக் கோடோ முகட்டிலிருந்து ஏறத்தாழ 6 டிகிரி விலகுகிறது. ஆக மூலை 88½ டிகிரிதான். பின்னர் மூலைவிட்டங்களை அளந்தபோது ஒன்று மற்றதைவிட 3 செ.மீ. கூடுதல். செவ்வகம் என்று நினைத்தது சாய்ந்த பெட்டி.

கீழே நின்று பார்த்தபோது அது கச்சிதமான செவ்வகமாகத்தான் தெரிந்தது. தெரியாமல் என்ன செய்யும்? தரையிலிருந்து போட்ட கோடு, தரையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு.

பையன் டேப்பை நீட்டியது கூடத் தற்செயல்தான். அதற்குள் கீழ்விளிம்பில் 40 செ.மீ. வெட்டியாகிவிட்டது. அந்த வெட்டும் கோணலாகப் போயிருந்தது. அதற்குக் காரணம் லேசர் மட்டும் இல்லை, ஏணியும்தான்.

ஏணி ஏன் ஒத்துவரவில்லை

நிறுத்தி வைக்கும் இரட்டைக்கால் ஏணியைத்தான் பயன்படுத்தினோம். நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெஷினைத் தலைக்கு மேல் தூக்கி, கழுத்தைப் பின்னால் வளைத்து வெட்ட வேண்டும். சமதளக் கூரையில் இது கஷ்டம், சரிவில் ஆபத்து. சமதளக் கூரையில் பிளேடை மேலே அழுத்தினால் எதிர்விசை நேர் கீழே, உங்கள் காலுக்கும் ஏணிக்கும் போகிறது. 30 டிகிரிச் சரிவில் போர்டுக்குச் செங்குத்தாக அழுத்தும்போது அந்த விசையில் சரிபாதி பக்கவாட்டில் திரும்புகிறது. பத்துக் கிலோ அழுத்தம் கொடுத்தால் ஐந்து கிலோ உங்களை முகட்டுப் பக்கமாகத் தள்ளும். ஏணி மேல் நிற்கும் உடம்பு அதை உணர்ந்து, தன்னை அறியாமலே அழுத்தத்தைக் குறைக்கும், உடம்பைத் திருப்பும். அத்தோடு பிளேடும் திரும்பும். அந்த 40 செ.மீ. வெட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பையன் எந்தெந்த இடத்தில் பயந்தான் என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

சாய்ப்பு ஏணியைப் பற்றி யோசிக்கவே இல்லை. அதன் தலை சாய்வதற்குத் திடமான சுவர் வேண்டும். நாங்கள் வெட்ட இருந்த போர்டிலேயே அதைச் சாய்ப்பது, உட்கார்ந்த கிளையை வெட்டுகிற கதை.

அன்று மதியமே வேலையை நிறுத்தினேன். மூத்தவருக்கு முகம் சுருங்கியது. "வெட்டுனதை முடிச்சிட்டா நாளைக்கு ஒட்டிடலாம்ங்க" என்றார். அரை அடி குறைவான துண்டை வைத்து எதை ஒட்டுவது? 155 மி.மீ. பட்டை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை. சாதாரண அறையில் நானும் ஒப்புக்கொண்டிருப்பேன். இங்கே கூரைச் சன்னலிலிருந்து வெளிச்சம் சரிவை உரசிக்கொண்டு இறங்குகிறது. அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு இணைப்பும் மேடாகவோ பள்ளமாகவோ நிழல் காட்டும். ஓர் இணைப்பைக் கூட்டுவது ஒரு நிழலைக் கூட்டுவது.

சாரம்

மறுநாள் காலை வெட்டும் கருவி எதையும் வெளியே எடுக்கவில்லை. சக்கரச் சாரம் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் பூட்டு, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி. இத்தகைய சாரத்தின் உயரம் அதன் அடித்தளத்தின் குறுகிய பக்கத்தைப்போல நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. பலர் மூன்று மடங்கோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் சாரத்தின் அடி 1.35 மீட்டர், மேல் தளம் 2.4 மீட்டர், இரண்டு மடங்குகூட இல்லை. ஆள் மேலே நிற்கும்போது சாரத்தைத் தள்ளக் கூடாது என்பதை நான் மூன்று முறை சொன்னேன். நாலாவது முறை சொல்ல வைத்துவிட்டார்கள்.

சரிவுக்கு ஒரே தளம் போதாது. முதல் நாள் கோணல் வெட்டையும் பூஞ்சை ஓரத்தையும் விழுங்கும்படி திறப்பின் நீளத்தைச் சரிவில் 1250 மி.மீ. என்று மாற்றியிருந்தோம். அதில் கீழ்விளிம்புக்கும் மேல்விளிம்புக்கும் உயர வேறுபாடு 625 மி.மீ. ஒரே பலகையில் நின்றால் ஒரு முனை நெற்றியில் இடிக்கும், மறுமுனைக்குக் கையை முழுக்க நீட்ட வேண்டும். நீட்டிய கையில் நேர்க்கோடு வராது. எனவே பலகைகளை இரண்டு படியாகப் போட்டோம்: ஒன்று 1.8 மீட்டரில், மற்றொன்று 2.4 மீட்டரில். எந்தப் படியில் நின்றாலும் வெட்டும் இடம் தலைக்குச் சற்று மேலே, முழங்கை மடங்கிய நிலையில் கிடைத்தது.

எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்பது எனக்கு அன்றுதான் தெளிவாகப் புரிந்தது. இறவாணப் பக்கம் நின்று முகட்டைப் பார்த்தால் கூரை உங்களைவிட்டு விலகி ஏறுகிறது. போர்டின் முகம் சரியாகத் தெரியாது, தூசி முழுக்கக் கண்ணுக்கும் கழுத்துக்கும். முகட்டுப் பக்கம் நின்று இறவாணத்தைப் பார்த்தால், கூரை உங்கள் முகத்துக்கு எதிரே சாய்வு மேசைபோல இறங்கி வருகிறது. கோடு கண்ணுக்கு நேரே, தூசி முன்னால் விழுந்துபோகும். கழுத்து வலியும் பாதியாகக் குறையும். இவ்வளவு எளிய விஷயத்துக்கு ஒரு நாள் வீணாகியிருந்தது.

மறுபடி குறித்தோம், இந்த முறை சரிவின் மேலேயே. முதலில் காந்தத்தை உருட்டி ஸ்குரூத் தலைகளைக் கண்டுபிடித்து, கைமரங்களின் நடுக்கோட்டைப் பிடித்தோம். அந்த நடுக்கோட்டில் நூல் அடித்து, மூலைமட்டம் வைத்துக் குறுக்குக் கோடுகளைப் போட்டு, மூலைவிட்டங்களை ஒப்பிட்டோம். இரண்டும் 1484 மி.மீ. லேசர் பெட்டிக்குள் இருந்தது.

(இதே கணக்கு விளக்குத் துளைக்கும் புகைக்குழாய்த் துளைக்கும் வரும். 150 மி.மீ. விட்டமுள்ள குழாய் செங்குத்தாக 30 டிகிரிச் சரிவைக் கடக்க வேண்டுமானால், போர்டில் வெட்ட வேண்டியது வட்டம் இல்லை. சரிவின் திசையில் 173, குறுக்கே 150 உள்ள முட்டை வடிவம். வட்டத் துளையிடும் கருவியைச் சரிவுக்குச் செங்குத்தாகப் பிடித்து ஒரே அடியாகத் துளைத்துவிட்டு, குழாய் நுழையாமல் பிறகு ஓரத்தைக் கடித்துத் துப்புகிறவர்கள் நிறைய.)

வெட்டு

அறையின் மின்சாரத்தைப் பிரேக்கரில் நிறுத்தியாயிற்று. தரையில் பாலித்தீன் விரிப்பு, வாசலில் திரை. எல்லோருக்கும் மூக்கை இறுகப் பிடிக்கும் முகமூடியும் பக்கம் மூடிய கண்ணாடியும். போர்டுத் தூசியைவிட இணைப்புப் பூச்சின் தூசி மோசம். சில பூச்சுகளில் சிலிக்கா உண்டு. இந்த வீடு கட்டிப் பதினைந்து ஆண்டுதான் ஆகிறது என்பதால் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) பயம் இல்லை. 1980-களுக்கு முந்தைய கட்டடமாக இருந்தால் பூச்சையும் போர்டையும் சோதனைக்கு அனுப்பாமல் பிளேடு வைக்கவே கூடாது. அமெரிக்காவில் அத்தகைய பூச்சுகளுக்குத் தடை வந்ததே 1977-இல்தான்.

முதல் வெட்டு வெறும் ஆணித்துளை. கறையின் மிகத் தாழ்ந்த ஓரத்தில், கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு. பாலித்தீன் தாளில் தேங்கி நின்ற நீர் ஒழுகி முடிய சில நிமிடம் ஆனது, கால் வாளிக்குக் குறையாது. இதைச் செய்யாமல் துண்டை அப்படியே இறக்கியிருந்தால் அந்த நீர் சாரத்தின் பலகைமேல் கொட்டியிருக்கும், அதன்மேல்தான் நாங்கள் நின்றிருப்போம்.

இரண்டாவது, உள்ளங்கை அளவுக்கு ஒரு சோதனைத் துளை, எப்படியும் போகப்போகிற பகுதியின் நடுவில். போர்டு ஒரே அடுக்கா, தடிமன் எவ்வளவு என்பது இதில் தெரியும். போனை உள்ளே விட்டு வெளிச்சத்தோடு வீடியோ எடுத்தோம். நடுக்கைமரத்தின் பக்கவாட்டில், போர்டிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், ஒரு வயர் கிளிப் அடித்து ஓடியது. கூரைச் சன்னலின் மோட்டாருக்குப் போவது. நுனி கூரான கைரம்பத்தால் குத்தி அறுப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். அதன் நாக்கு 15 செ.மீ. வரை உள்ளே போகும். முதல் நாள் நாங்கள் அதையே எடுத்திருந்தால் வயரைத் தொட்டிருப்போம், அதுவும் மின்சாரம் நிறுத்தாத நிலையில். ஆம், முதல் நாள் பிரேக்கரைத் தொடவில்லை. இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

கருவித் தேர்வு நீண்ட வாதம் இல்லை. தரையில் போர்டைக் கத்தியால் கீறி முறிப்பதுபோல் மேலே பொருத்திய போர்டை முறிக்க முடியாது. வட்ட ரம்பத்தைத் தலைக்கு மேல் பிடிப்பது தற்கொலை. சுழலும் பிட் உள்ள கருவி வேகமாக வெட்டும், ஆனால் மேகமாகத் தூசி கிளப்பும், கைமரத்தில் பட்டால் ஓடும். பிளேடு அதிரும் மல்ட்டி டூல் மெதுவானது, அடங்கியது, ஆழத்தைக் கட்டுப்படுத்தலாம். பிளேடில் 13 மி.மீ. அளவில் ஒரு துண்டு டேப் சுற்றினோம். டேப் போர்டைத் தொட்டால் போதும். முதலில் கோடு நெடுகக் கட்டர் கத்தியால் காகிதத்தை அறுத்துவிட்டோம். இது இருந்தால் பிளேடு அந்தக் கீறலிலேயே உட்காரும், ஓரக் காகிதமும் கிழிந்து தொங்காது. பையன் வேக்யூம் குழாயைப் பிளேடுக்கு ஒரு சாண் கீழே பிடித்துக்கொண்டே வந்தான்.

எடுக்க வேண்டிய பரப்பு சரியாக ஒரு சதுர மீட்டர். காய்ந்த போர்டாக இருந்தால் எட்டு, ஒன்பது கிலோ. நனைந்தது இன்னும் கனம். அதை ஒரே துண்டாக இறக்கும் வீரம் தேவையில்லை. நான்காகப் பிரித்தோம். மேல் இரண்டு முதலில், கீழ் இரண்டு பிறகு. கீழிருந்து தொடங்கினால் நனைந்த பஞ்சு தாங்கல் இல்லாமல் சரிந்து மொத்தமாக இறங்கிவிடும். மேலிருந்து தொடங்கினால் கீழ்ப்பகுதிப் போர்டு அதைத் தாங்கிக்கொண்டிருக்கும், நாம் கைகையாக எடுத்துப் பையில் போடலாம். நடுக்கைமரத்தின் ஸ்குரூக்களை முன்பே கழற்றியிருந்ததால் துண்டுகள் முரண்டு பிடிக்காமல் வந்தன.

சாரம் கட்டிக் குறித்து முடிக்க மூன்று மணி நேரம். வெட்டி இறக்க நாற்பது நிமிடம்.

துண்டு ஏறியது

கைமரங்கள் காய்வதற்காகத் திறப்பை ஐந்து நாள் அப்படியே விட்டோம். ஈரமானியில் மரம் பழைய பகுதியின் அளவுக்கு இறங்கிய பிறகே பஞ்சு வைத்து, பாலித்தீனை ஒட்டுப்போட்டு மூடினோம். வீட்டுக்காரருக்கு இந்த ஐந்து நாள்தான் கோபம். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் ஆறு மாதத்தில் இதே இடத்தில் மறுபடி சந்திப்போம் என்று சொன்னதும் அடங்கினார்.

கைமரம் இல்லாத மேல், கீழ் ஓரங்களுக்குப் பின்னால் மரப்பட்டைகளைச் செருகி, பழைய போர்டு வழியே ஸ்குரூ அடித்து நிறுத்தினோம். புதுத் துண்டைத் திறப்பிலேயே அளந்து, நான்கு பக்கமும் 2 மி.மீ. குறைத்து வெட்டினோம்.

ஏற்றுவதில் சரிவுக்கென ஒரு தொல்லை உண்டு. சமதளத்தில் தூக்கிப் பிடித்த துண்டு கீழே மட்டும் விழப் பார்க்கும். சரிவில் கீழே விழவும் பார்க்கும், வழுக்கவும் பார்க்கும். திறப்பின் கீழ்விளிம்பில், பாதி பழைய போர்டின் மேலும் பாதி திறப்புக்குள்ளும் நீட்டியிருக்கும்படி ஒரு தாங்குபட்டையைத் தற்காலிகமாக அடித்தோம். துண்டின் கீழ் ஓரத்தை அதன்மேல் உட்கார வைத்து, மேல் ஓரத்தைக் கதவு சாத்துவதுபோல் தள்ளினால் போதும். ஒருவர் உள்ளங்கையால் அழுத்திக்கொள்ள மற்றவர் நடுக்கைமரத்திலிருந்து ஸ்குரூ அடித்துக்கொண்டே ஓரத்துக்கு வந்தார். வெட்டிய ஓரத்திலிருந்து 13 மி.மீ.க்குக் குறையாமல் உள்ளே தள்ளி அடித்தோம். அதற்குள் நெருங்கினால் ஜிப்சம் நொறுங்கும். ஸ்குரூத் தலை காகிதத்தைக் கிழிக்காமல் குழி மட்டும் விட வேண்டும். கிழித்துவிட்டால் அந்த ஸ்குரூ தாங்காது, பக்கத்தில் இன்னொன்று.

பூச்சு மூன்று நாள் எடுத்தது. போர்டின் தொழிற்சாலை ஓரம் சற்று மெலிந்திருக்கும். டேப்பும் பூச்சும் அந்தப் பள்ளத்தில் அடங்கிவிடும். நாம் வெட்டிய ஓரத்தில் அந்தச் சலுகை கிடையாது. டேப் ஒட்டினாலே மேடு. அந்த மேட்டை மறைக்க முடியாது, பரப்பித்தான் ஏமாற்ற முடியும். இணைப்பின் இரு பக்கமும் சேர்த்து அரை மீட்டர் அகலத்துக்குப் பூச்சை இழுத்தோம், ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட அகலமாக, மெலிதாக. காய்ந்ததும் டார்ச்சைக் கூரையோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சரிவை உரசிப் போகும்படி பார்த்து, நிழல் விழுந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள். சாரத்தைக் கழற்றும் முன் இதைச் செய்தாக வேண்டும். கீழே இறங்கிய பிறகு தெரியும் நிழலுக்காக மறுபடி சாரம் கட்ட யாருக்கும் மனசு வராது.

பெயின்டைக் கறை இருந்த சதுரத்துக்கு மட்டும் அடிக்காமல், முகட்டிலிருந்து சுவர் வரை அந்தச் சரிவு முழுவதற்கும் அடித்தோம். அதன்பிறகு இரண்டு முறை கனமழை பெய்துவிட்டது. ஈரமானியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், காய்ந்தேதான் இருக்கிறது. மாலை வெயில் கூரைச் சன்னல் வழியே இறங்கும் அரை மணி நேரத்துக்கு, துண்டின் மேல்விளிம்பு இணைப்பில் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. வீட்டுக்காரர் கண்ணுக்கு அது படவில்லை. பையன் கண்ணுக்குப் பட்டது. தானே சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், அப்புறம் ஏணியை எடுத்து வண்டியில் ஏற்றப் போய்விட்டான்.